கிண்டிக் காட்டைச் சுற்றி ஒரு நடை



ஜூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறு, பணியாற்றிய குருக்களின் வரிசை, சபைகளின் அறிக்கை, நன்கொடையாளர் பட்டியல் ஆகியவை வரும். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் வேண்டிய அளவு இருக்கின்றன. நாம் எழுத எடுத்துக்கொண்டது வேறு. ஞாயிறு தோறும் நம்மில் பலர் பேருந்திலோ ஸ்கூட்டரிலோ கடந்துவரும் கிண்டிக் காட்டைப் பற்றிச் சில செய்திகள். ஜூபிலி ஆண்டின் தொடக்கத்தில் நம் இளைஞர் மன்றத்தாருடன் இக்காட்டை ஒரு முறை முழுதும் சுற்றி நடந்தோம். சின்ன மலையில் புறப்பட்டு, சர்தார் படேல் சாலை வழியே மத்திய கைலாசம், அங்கிருந்து தரமணி, வேளச்சேரி, குதிரைப் பந்தய மைதானம், மீண்டும் சின்ன மலை. பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. காட்டின் பெரும்பகுதி மதிலுக்குள் இருப்பதால் உள்ளே புகுந்து நடக்க முடியாது. மதிலை வலது தோள் பக்கம் வைத்துக்கொண்டு வட்டமடிக்க வேண்டியதுதான். ஆனால் மதிலுக்கு வெளியே கிடக்கும் சரித்திரமே ஒரு நாளுக்குப் போதும்.

புறப்படும் இடத்தைப் பற்றி நம் மக்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திருத்தூதர் புனித தோமையார் இக்குகையில் தங்கிச் செபித்தார், பகைவர் தேடிவந்தபோது குகையின் கிழக்குத் துவாரம் வழியாக வெளியேறிப் பரங்கிமலைக்குப் போனார், அங்கே கி.பி. 72ல் ஈட்டியால் குத்துண்டு வேதசாட்சியானார் என்பது நம் பாரம்பரியம். தாகத்தால் வாடிய மக்களுக்காக அவர் பாறையிலிருந்து வரவழைத்த சுனை என்று ஒரு நீரூற்றையும் காட்டுகிறார்கள். இளைஞர்களில் ஒருவர், 'சாமி, இதற்கெல்லாம் சான்று உண்டா?' என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். பாரம்பரியம் ஒன்று, ஏட்டிலும் கல்லிலும் எழுதப்பட்ட சான்று வேறொன்று. இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொள்வது விசுவாசத்துக்குக் குறைவல்ல. போர்த்துக்கீசியர் 1551ல் இங்கு ஆரோக்கிய மாதாவுக்குக் கோயில் எழுப்பியது எழுத்தில் உள்ள செய்தி. அதன் அருகே நிற்கும் வட்ட வடிவக் கோயில் 1971ல், திருத்தூதர் மரித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நினைவாகக் கட்டப்பட்டது. இந்தக் குன்றைத் தேடி ஏறி வந்தவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பாதையைத் தேய்த்திருக்கிறார்கள் என்பதும் சான்றுதான்.

அந்தப் பாதை அடையாற்றைக் கடந்தாக வேண்டும். இங்கே சற்று நிற்போம், ஏனெனில் இந்த நடையில் நம் மனதைப் பெரிதும் தொட்ட மனிதர் ஆற்றங்கரையில்தான் இருக்கிறார். அவர் பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பாரசீகத்தின் ஜுல்பா நகரத்து ஆர்மீனியர்; மணிலாவில் வணிகம் செய்து பின்னர் மதராசுக்கு வந்து குடியேறியவர்; கத்தோலிக்கர். மைலாப்பூரிலிருந்தும் கோட்டையிலிருந்தும் பரங்கிமலைக்குப் போகும் யாத்திரிகர்கள் மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கத் திண்டாடுவதைக் கண்டு, 1726ல் தம் சொந்தப் பணம் 30,000 வராகன் செலவிட்டுச் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். பழுது பார்க்கவென்று தனியே 1,500 வராகன் வைத்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவருடைய தர்மமே. மாம்பலம் என்ற பெயரை வெள்ளைக்காரர் வாய்க்கு வந்தபடி சொல்லி அது 'மார்மலாங் பாலம்' ஆயிற்று. 1966ல் பழைய பாலத்தை நீக்கிப் புதியது கட்டி மறைமலை அடிகள் பாலம் எனப் பெயரிட்டார்கள். இலத்தீனிலும் ஆர்மீனிய மொழியிலும் பாரசீகத்திலும் பொறித்த உஸ்கானின் கல் மட்டும் சைதாப்பேட்டைப் பக்கத்தில் எஞ்சியது.

அவருடைய பிற்காலம் துயரமானது. 1746ல் பிரெஞ்சுக்காரர் மதராசைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சேர மறுத்ததால் அவருடைய சொத்துக்களைப் பறிமுதல் செய்தனர். 1749ல் ஆங்கிலேயர் திரும்பிவந்ததும், பிரெஞ்சுக்காரருக்கு உடந்தை என்ற சந்தேகத்தின் பேரில் கத்தோலிக்கக் குருக்களைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார்கள். 1751ல் உஸ்கான் இறந்தார். வேப்பேரியில் அவர் எழுப்பிய மாதா சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விருப்பப்படி இருதயம் மட்டும் ஜுல்பாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டதாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே அந்தச் சிற்றாலயம் சீர்திருத்தச் சபை மிஷனரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அங்கே தென்னிந்தியத் திருச்சபையின் புனித மத்தியாஸ் ஆலயம் நிற்கிறது. நம்மவர் கல்லறை பிரிந்த சகோதரர் கோயிலில் இருக்கிறதே என்று யாரும் வருந்த வேண்டாம். அவர்கள் அதை நன்றாகவே காத்துவருகிறார்கள். 2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு பெருக்கெடுத்துச் சைதாப்பேட்டைப் பாலத்தை முட்டியபோது, பாலம் மூடப்பட்டு நகரமே இரண்டாகத் துண்டிக்கப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். 1726ல் ஒரு வணிகர் ஏன் அவ்வளவு பணத்தை ஆற்றில் போட்டார் என்பது அன்று விளங்கியது.

இனிக் காட்டுக்கு வருவோம். சின்ன மலையிலிருந்து சர்தார் படேல் சாலையில் திரும்பினால் ஆளுநர் மாளிகையின் மதில் தொடங்குகிறது. நகரத்தின் நடுவில் இக்காடு பிழைத்திருப்பதற்குக் காரணம் இந்த மாளிகையே. கிண்டி லாட்ஜ் என்ற இத்தோட்ட வீட்டை 1821ல், சர் தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த காலத்தில், கம்பெனி அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. கோட்டையின் புழுக்கத்திலிருந்து தப்பிக் காற்று வாங்கவும், வேட்டையாடவும், குதிரை ஓட்டவும் வெள்ளைக்கார ஆளுநர்களுக்கு ஓர் ஒதுக்கிடம் வேண்டியிருந்தது. ஆகவே சுற்றியிருந்த புதர்க்காட்டை யாரும் வெட்டாமல் வைத்தார்கள். ஏழை விறகு பொறுக்கப் போனால் குற்றம், துரை துப்பாக்கி எடுத்துப் போனால் பொழுதுபோக்கு. அந்த அநியாயத்தின் மிச்சம்தான் இன்று நமக்கு நிழலும் காற்றும் தருகிறது. சரித்திரம் நேர்க்கோட்டில் நடப்பதில்லை என்று மட்டும் சொல்லி மேலே போகிறோம்.

1910ல் இது காப்புக் காடாக அறிவிக்கப்பட்டபோது பரப்பு 505 எக்டேர், அதாவது சுமார் 1,250 ஏக்கர். 1978ல் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டபோது மிஞ்சியது சுமார் 270 எக்டேர். ஏறக்குறைய பாதி, எழுபது ஆண்டுகளுக்குள், அதிலும் பெரும்பகுதி சுதந்திரத்துக்குப் பின் கைமாறியது. மீதியை இழக்காமல் இருந்தோமே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் நாமேதான், வெள்ளைக்காரன் அல்ல என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

யாருக்குக் கொடுத்தோம் என்பது சாலை நெடுகத் தெரியும். 1958ல் நேருவின் விருப்பப்படி ஒரு பகுதி சிறுவர் பூங்காவுக்குப் போயிற்று. பாம்புப் பண்ணை 1972ல் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இங்கு வந்தது. காந்தி மண்டபம் 1956ல் ராஜாஜியால் திறந்துவைக்கப்பட்டது. பின்னர் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் அதன் பக்கத்திலேயே நினைவிடம். அப்பால் புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. நம் பங்கில் எத்தனை குடும்பங்கள் அதன் வாசலில் கண்ணீரோடு காத்திருந்து ஆறுதல் பெற்றிருக்கின்றன! இவற்றில் எதை 'வேண்டாம், மரம் இருக்கட்டும்' என்று தள்ளியிருப்போம்? ஒவ்வொன்றும் நல்ல காரியம். காடு எப்போதும் நல்ல காரியங்களுக்காகவே வெட்டப்படுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய பங்கு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு, அதாவது ஐ.ஐ.டி.க்கு. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959ல் தொடங்கிய அதன் வளாகம் ஏறத்தாழ 250 எக்டேர். நியாயமாகச் சொன்னால், அவர்கள் மரங்களைப் பெரிதும் விட்டுவைத்தார்கள். மான்கள் விடுதி வாசல்களில் மேய்கின்றன. ஊர் மக்கள் வணங்கிவந்த பீலியம்மன் கோயிலும் உள்ளேயே இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்புறத்தில் பொறியியல் கல்லூரி. 1794ல் கோட்டை அருகே நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1920ல் கிண்டிக்கு வந்த பழம்பெரும் நிறுவனம் அது. 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதி. நில அளவை என்றதும் வில்லியம் லாம்ப்டன் நினைவுக்கு வருகிறார். 1802 ஏப்ரலில் அவர் நூறடிச் சங்கிலியைக் கொண்டு பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்குக் கோடு அளந்தார். கோடை வெயிலில் 57 நாட்கள் ஆயின. இமயம் வரை நாடு முழுவதையும் அளந்த மாபெரும் பணி அந்தக் கோட்டிலிருந்தே விரிந்தது. திருத்தூதர் இரத்தம் சிந்திய மலை உலக வரைபடத்துக்கும் ஒரு முளைக்கோலாயிற்று.

சிறுவர் பூங்காவுக்குள் மட்டும் மரநிழலில் சிறிது நேரம் நடந்தோம். இது மலைக்காடு போல உயர்ந்த காடல்ல. சோழமண்டலக் கரையோரம் முழுவதும் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைப் புதர்க்காடு. வேம்பு, நாவல், விளா, ஆல், இடையிடையே பனை. சிறிய தடித்த இலை, முள், பின்னிக்கொண்ட கிளை. கோடையில் தண்ணீர் இல்லாமலும் பச்சை மாறாமல் நிற்கும் இனங்கள் இவற்றில் பல. வெட்டிவிட்டு மீண்டும் நட்டால் வந்துவிடும் என்று யாரும் எண்ணவேண்டாம். இப்படியொரு காடு கூடிவர ஒரு மனிதனின் ஆயுள் போதாது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயலில் சாய்ந்த மரங்களின் இடைவெளி அடைபடவே பல ஆண்டுகள் பிடித்தன.

மான்களில் இரண்டு வகை என்பதை இளைஞர்களில் பாதிப்பேர் அறிந்திருக்கவில்லை. புள்ளிமான் இங்கு பிற்பாடு கொண்டுவந்து விடப்பட்டது, 1945க்குப் பிறகு என்று கருதுகிறார்கள். முறுக்குக் கொம்புள்ள வெளிமானே இந்நிலத்துக்கு உரியது. முதல் இந்திய ஆளுநராக 1948 முதல் 1952 வரை இருந்த பவநகர் மகாராஜா வெள்ளை நிற வெளிமான்களையும் கொண்டுவந்து விட்டாராம். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். தூரத்தில் வரும் பகையைக் கண்டு பாய்ந்தோடிப் பிழைக்கும் பிராணி அது. புதர் மண்டினால் அதற்குக் கண் கட்டியதுபோல் ஆகிவிடும். புள்ளிமானுக்கோ நிழல் போதும். ஆளுநர் மாளிகைப் பக்கம் பழைய போலோ மைதானத்தின் புல்வெளி இருந்ததால்தான் வெளிமான் தப்பியது. எண்பதுகளின் பிற்பகுதியில் பூங்காவுக்கும் மாளிகைக்கும் ஐ.ஐ.டி.க்கும் இடையே மதில்கள் எழும்பின. ஒரே கூட்டமாகத் திரிந்த மந்தை பிரிந்தது. அதற்கு முன் மான்கள் இங்கிருந்து அங்கே தாராளமாகப் போய்வந்ததை நம் பங்கின் மூத்தவர்கள் சிலர் இன்றும் சொல்வார்கள். இப்போது இறந்த மான்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் பிளாஸ்டிக் பை வருகிறது. மதிலுக்கு மேலே பையை வீசுகிறவர் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர்.

மத்திய கைலாசத்தில் வலப்புறம் திரும்பித் தரமணி வழியே வேளச்சேரி வரை வந்த பாதையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயிலும் தூசியும் கண்ணாடிக் கட்டடங்களுமே. வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருப்பதால், ஐ.டி. கம்பெனிகள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இது நீரும் நெல்லும் நிறைந்த ஊர் என்று அறிகிறோம். ஏரி சுருங்கியது, மழை வந்தால் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது.

அங்கிருந்து வடக்கே வந்தால் பந்தய மைதானம். 1777 முதல் குதிரை ஓடிய இடம். குருவானவர் குதிரைப் பந்தயத்தைப் பற்றி எழுதுவதா என்று நினைக்கவேண்டாம். அதனால் அழிந்த குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலை இப்பகுதிக் குருக்களுக்கு இருந்தே வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தைத் தன் வசம் எடுத்தது. வழக்கு மன்றத்துக்கும் போயிற்று. மழைவெள்ளம் வேளச்சேரியை மூழ்கடிக்காமல் இருக்க மைதானத்தில் குளங்கள் வெட்டப்பட்டன. இருநூற்றைம்பது ஆண்டுகளில் முதல் முறையாக இவ்வட்டாரத்தில் நிலம் கட்டடத்தின் கையிலிருந்து தண்ணீரின் கைக்குப் போவதை அங்கே கண்டோம்.

சுற்றி வர விரும்புவோர் காலைப் பூசை முடிந்ததும் புறப்படுவது நல்லது. பத்து மணிக்குமேல் தரமணிச் சாலையில் நிழல் கிடையாது. தண்ணீரைப் பழைய செம்பிலோ புட்டியிலோ எடுத்துப்போங்கள், பையில் வேண்டாம். முடியாதவர்கள் சின்ன மலை மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பாலத்தருகே உஸ்கானின் கல்லை மட்டுமாவது பார்த்து அவருடைய ஆன்மாவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். காட்டைப் பற்றியும், மதில் எழும்புமுன் இப்பக்கம் இருந்த நிலையைப் பற்றியும் நினைவுள்ள பெரியவர்கள் அதை எழுதியோ, எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவித்தோ பங்கு அலுவலகத்தில் கொடுத்தால், பங்கின் ஏடுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவோம்.