குழந்தைப் பராமரிப்பில் அரசின் பங்கு: கெங்குவார்பட்டியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உழைக்கும் மகளிரின் குழந்தைகளைப் பேண அரசு வகுத்த உதவிகள் தமிழகத்தில் பெரிதும் மூன்று வழிகளில் வளர்ந்தன: பணியிடத்தில் காப்பகம், மையத்தில் உணவு, மகப்பேற்றுக் காலத்தில் பணம். வேளாண் கூலிப் பெண்ணின் வேலைநேரத்தை இம்மூன்றும் அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதை இக்கட்டுரை தேனி மாவட்டம் கெங்குவார்பட்டியை முன்வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைகள் காப்பகம், சத்துணவு, அங்கன்வாடி, வேளாண் கூலி மகளிர், பேரூராட்சி.

முன்னுரை

கொடைக்கானல் மலையடிவாரத்தில், பெரியகுளம் வட்டத்தில் அமைந்துள்ளது கெங்குவார்பட்டி. வேளாண்மையைச் சார்ந்த ஊராயினும், பேரூராட்சி என்பதால் நிர்வாகக் கணக்கில் இது நகர்ப்புறம். கூலிவேலைக்குச் செல்லும் தாய் தன் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்னும் வினாவிற்கு அரசு அளித்த விடைகளை, இத்தகைய ஓர் ஊரிலிருந்து நோக்கும்போது அவற்றின் எல்லைகள் தெளிவாகின்றன.

பணியிடம் சார்ந்த காப்பகம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கெனக் காப்பகம் அமைப்பதைக் கட்டாயமாக்கியது. 1976ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வரம்பை முப்பதாகக் குறைத்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இதே நெறியைப் பின்பற்றியது. 1981ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் ஐம்பது பெண் தொழிலாளர்களோ, அவர்தம் குழந்தைகள் இருபது பேரோ உள்ள தோட்டங்களில் காப்பகம் கட்டாயமாயிற்று.

இச்சட்டங்களின் அடிப்படை தலைக்கணக்கு. ஒரே முதலாளி, ஒரே இடம், குறிப்பிட்ட எண்ணிக்கை ஆகிய மூன்றும் கூடினாலன்றி உரிமை பிறப்பதில்லை. இன்று ஒருவர் வயலில் நடவுக்கும் நாளை மற்றொருவர் தோட்டத்தில் களையெடுப்புக்கும் செல்லும் பெண்ணுக்கு இம்மூன்றும் ஒருசேர வாய்ப்பதில்லை. இதே மாவட்டத்தின் தென்பகுதியான கம்பம் பள்ளத்தாக்கில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. அங்கிருந்து பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். தோட்டத்தில் காப்பகம் இருப்பினும், நாள்தோறும் மலைச்சாலையில் கைக்குழந்தையுடன் பயணம் செய்ய இயலாத தாய்க்கு அது பயன்படுவதில்லை.

உணவு சார்ந்த உதவி

இரண்டாம் வழி குழந்தையின் ஊட்டத்தை மையமாகக் கொண்டது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடளவில் தொடங்கப்பெற்றது. 1980இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கிற்று. பெரியகுளம் வட்டம் அக்காலத்தில் அம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, வளர்ச்சி குன்றியோருக்குக் கூடுதல் உணவளிப்பது இத்திட்டத்தின் நடைமுறை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளையும் மையங்களுக்கு வரவழைத்தது.

இத்திட்டங்களின் பயன் பெரிது. பசியைப் போக்கியதோடு, பகலில் சில மணிநேரம் குழந்தைக்குப் பாதுகாப்பான இடத்தையும் அவை தந்தன. எனினும் பாதுகாப்பு அங்கே உடன்விளைவே, நோக்கம் உணவு. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குச் சத்துமாவு வீட்டிற்கு வருகிறது. அக்குழந்தை மையத்திற்குச் செல்வதில்லை. தாய்க்குத் துணை மிகுதியும் தேவைப்படும் வயதில் மையத்தின் கதவு திறப்பதில்லை என்பதே இதன் பொருள்.

பணமும் வேலைநேரமும்

1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழைத் தாய்மார்க்கு நேரடி உதவி அளித்தது. அத்தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. ஆயினும் இவ்வுதவி மகப்பேற்றை ஒட்டிய காலத்தோடு முடிகிறது.

தாயின் வேலைநேரத்தைக் கருதிய முயற்சிகளும் உண்டு. 2006ஆம் ஆண்டின் ராஜீவ் காந்தி தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. தன்னார்வ அமைப்புகள் வழியே இயங்கியதால், அவை உள்ள இடங்களையே அது எட்டியது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னும் நுட்பமானது. பணியிடத்திற்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரேனும் வந்தால், தொழிலாளப் பெண்களுள் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் கூலி வழங்குமாறு அது விதித்தது. குழந்தையைப் பார்ப்பதும் கூலிக்குரிய வேலையே என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது.

ஆனால் நகர்ப்புற உள்ளாட்சிகள் அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. தமிழகத்தின் பெரும்பாலான பேரூராட்சிகள் 2004இல் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. தேனி மாவட்டத்திற்கு இச்சட்டம் வந்ததோ 2008இல். எனவே கெங்குவார்பட்டியின் கூலிப் பெண்கள் அதற்கு வெளியிலேயே நின்றனர்.

முடிவுரை

ஆலைச் சட்டம் பெண்களின் தலைகளை எண்ணியது. ஊட்டச்சத்துத் திட்டம் குழந்தையின் எடையை அளந்தது. மகப்பேற்று நிதி மாதங்களைக் கணக்கிட்டது. தாய் வீட்டைவிட்டு வெளியே உழைக்கும் மணிநேரம் இக்கணக்குகளில் இடம்பெறவில்லை. அதைக் கணக்கிட்ட சட்டமும் ஊரின் நிர்வாக வகைப்பாட்டால் தடைபட்டது. விடுபட்ட அந்நேரத்தின் விலையைப் பாட்டியின் முதுமையோ, மூத்த மகளின் பள்ளி நாட்களோ, தாய் இழக்கும் கூலியோ ஈடுசெய்கிறது. 2022 முதல் நடைமுறையிலுள்ள பால்னா திட்டம் அங்கன்வாடியையும் காப்பகத்தையும் இணைக்க முனைகிறது. அதன் வெற்றியை மதிப்பிடும் ஆய்வுகள் மையங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், அவை எந்நேரம் திறக்கின்றன, எவ்வயதுக் குழந்தையை ஏற்கின்றன என்பவற்றை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.