செயல்பாடு சார் அடக்கவியலும் பொள்ளாச்சி நார்த் தொழிலும்

செயல்பாடு சார் அடக்கவியல் என்பது ஒரு தொழிலகத்தின் பொதுச் செலவுகளை முதலில் அங்கு நடக்கும் வேலைகளுக்கும், பின்னர் அவ்வேலைகளைப் பயன்படுத்திய பொருள்களுக்கும் பகிர்ந்தளிக்கும் கணக்கு முறை. ஒரே இடத்தில் பல வகைப் பொருள்களைத் தயாரிப்பவர்கள் சரியான விலை சொல்ல இது உதவுகிறது.

வரலாறு

மேற்செலவை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி பழையது. அலெக்சாண்டர் ஹாமில்டன் சர்ச் 1901இல் இது குறித்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். எனினும் கூலி அல்லது உற்பத்தி அளவைக் கொண்டு பங்கிடும் எளிய வழக்கமே நிலைத்தது. கூலியே பெருஞ்செலவாக இருந்தவரை அதனால் பெரும் பிழை நேரவில்லை. இயந்திரங்களும் பொருள் வகைகளும் பெருகியபோது பிழையும் வளர்ந்தது. ஜார்ஜ் ஸ்டாபஸ் 1971இல் செயல்பாடுகளை அடிப்படையாகக் கொண்ட கணக்கை நூலாக முன்வைத்தார். தாமஸ் ஜான்சனும் ராபர்ட் கப்லானும் 1987இல் பழைய முறையின் குறைகளை விளக்கி ஒரு நூல் வெளியிட்டனர். 1988இல் ராபின் கூப்பரும் கப்லானும் எழுதிய கட்டுரை புதிய முறையைப் பரவலாக அறியச் செய்தது.

பொள்ளாச்சியில்

பொள்ளாச்சி வட்டார மில்களில் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது ஏறத்தாழ இரு மடங்கு எடையில் பித் எனப்படும் நார்த்தூள் கிடைக்கிறது. ஒரு காலத்தில் இது கழிவாகக் குவிந்து கிடந்தது. பின்னர் செடி வளர்க்கும் ஊடகமாக ஏற்றுமதியானது. பித்தில் உள்ள உப்பைக் குறைக்கக் கழுவ வேண்டும். கழுவியதை மீண்டும் களத்தில் உலர்த்த வேண்டும். கழிவாக இருந்தவரை அதற்கு அடக்கவிலை தேவைப்படவில்லை. விற்பனைப் பொருளானதும் கணக்கு அவசியமாயிற்று.

எடுத்துக்காட்டு

ஒரு மில் மாதம் 80 டன் கழுவாத பித், 20 டன் கழுவிய பித் தயாரிக்கிறது, பொதுச் செலவு ரூ.2,00,000 என்று கொள்வோம். எடைப்படி பங்கிட்டால் இரண்டிற்கும் டன்னுக்கு ரூ.2,000.

வேலைவாரியாகப் பார்த்தால் கழுவுவதற்கு ரூ.60,000, களத்தில் உலர்த்த ரூ.80,000, கட்டியாக அழுத்த ரூ.60,000 ஆகின்றன. கழுவும் செலவு முழுவதும் கழுவிய பித்தைச் சேரும். களத்தின் பயன்பாட்டில் பாதியும், அழுத்தும் செலவில் ரூ.12,000மும் அதற்கே உரியவை. ஆக, கழுவிய பித்துக்கு டன்னுக்கு ரூ.5,600, கழுவாததற்கு ரூ.1,100. கழுவிய பித்தை டன்னுக்கு ரூ.3,000 கூடுதலாக விற்பவர் அதை லாபம் என்று எண்ணுவார். உண்மையில் கூடுதல் செலவே ரூ.4,500.

பயனும் வரம்பும்

இந்தக் கணக்கைக் கொண்டு விலையை உயர்த்தலாம், மிகச் சிறிய ஆர்டர்களைத் தவிர்க்கலாம், தண்ணீரையும் களத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு பொருளை நிறுத்தியதும் அதன் பங்குச் செலவெல்லாம் மறைந்துவிடாது. களத்து வாடகை தொடரும். தரவு திரட்டும் உழைப்பும் சிறு மில்களுக்குச் சுமை. அதைக் குறைக்கவே கப்லானும் ஸ்டீவன் ஆண்டர்சனும் 2004இல் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை மதிப்பிடும் எளிய வடிவத்தை முன்வைத்தனர்.