ஏஐ ஏஜெண்ட் மூலம் கண்டெய்னர் ரெஜிஸ்ட்ரி: உத்தரவு கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாயான் லெப்பாஸில் ‘கண்டெய்னர்’ என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு லோரியில் போகும் இரும்புப் பெட்டிதான். 1972இல் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் இங்கே தொடங்கியபோது தோட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரிந்த கண்டெய்னர் அது. இன்று கணினித் துறையில் இருக்கும் அவர்களின் பேரப்பிள்ளைகள் சொல்லும் கண்டெய்னர் வேறு.

ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான துணைக் கோப்புகள் அனைத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைப்பதுதான் இந்தக் கண்டெய்னர். எந்தக் கணினியில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும். 2013இல் வெளிவந்த டாக்கர் இதைப் பரவலாக்கியது. பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம்தான் அதன் சின்னம். கட்டிய பொட்டலத்துக்கு ‘இமேஜ்’ என்று பெயர். இமேஜ்களைப் பத்திரப்படுத்தும் மேகக் கணினிக் கிடங்குதான் கண்டெய்னர் ரெஜிஸ்ட்ரி. அமேசான், கூகல், மைக்ரோசாப்ட் ஆகிய மூன்றும் இந்தச் சேவையைத் தருகின்றன. மைக்ரோசாப்டின் அஸூர் சேவையை வைத்தே இங்கே விளக்குகிறோம்.

முன்பு கட்டளைகளை நாமே தட்டச்சு செய்தோம். இப்போது “ஒரு ரெஜிஸ்ட்ரி உருவாக்கு” என்று எழுதினால் போதும், ஏஐ ஏஜெண்ட் நம் கணக்கில் நுழைந்து நமக்காகக் கட்டளைகளை இயக்கிவிடும். இத்தகைய இணைப்புக்கான எம்சிபி என்ற பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால், நாம் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஏஜெண்ட் தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிடக்கூடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெயரை எடுத்துக்கொள்வோம். 5 முதல் 50 வரை ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டுமே இருக்கலாம். இடையில் கோடு கூடாது. உலகில் வேறு யாரும் அதே பெயரை வைத்திருக்கக் கூடாது. வைத்த பெயரைப் பிறகு மாற்ற வழியில்லை. இடமும் அப்படித்தான். 2025 மே மாதம் முதல் ‘மலேசியா வெஸ்ட்’ என்ற அஸூர் வட்டாரம் நம் நாட்டிலேயே இயங்குகிறது. இடத்தைக் குறிப்பிடாவிட்டால் உங்கள் கிடங்கு அமெரிக்காவில் அமைந்துவிடலாம். பிறகு ஒவ்வொரு முறையும் இமேஜ் கடல் கடந்து வரவேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

பேசிக், ஸ்டாண்டர்ட், பிரீமியம் என மூன்று தரங்கள் உள்ளன. பேசிக் தரத்தில் 10 ஜிபி இடம் கிடைக்கும். பழகுபவருக்கு இதுவே தாராளம். பிரீமியத்தின் நாள் கட்டணம் இதைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு. தரத்தை எப்போது வேண்டுமானாலும் உயர்த்தலாம் என்பதால் பேசிக்கில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ஆகவே உத்தரவை இப்படி எழுதலாம்: “மலேசியா வெஸ்ட் வட்டாரத்தில், பேசிக் தரத்தில், நான் தரும் பெயரில் ரெஜிஸ்ட்ரி உருவாக்கு. அட்மின் கணக்கைத் திறக்காதே. இயக்கும் முன் கட்டளையைக் காட்டி என் சம்மதம் கேள்.” அட்மின் கணக்கு இயல்பாகவே மூடித்தான் இருக்கும். ஏதாவது தடங்கல் வந்தால் ஏஜெண்ட் அதைத் திறந்து குறுக்குவழியில் வேலையை முடிக்கப் பார்க்கலாம். அனுமதிக்காதீர்கள், அது பலரும் பகிரும் ஒரே சாவி.

ஏஜெண்டுக்குக் கொடுக்கும் அதிகாரமும் அளவோடு இருக்கட்டும். முழுக் கணக்கையும் ஒப்படைக்காமல், ஒரே ஒரு ‘ரிசோர்ஸ் குரூப்’புக்குள் மட்டும் செயல்பட விடுங்கள். 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜெண்ட், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும் ஒரு பயனரின் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. நிறுவனத்தின் தலைமை அதிகாரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அனுபவசாலிகளே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இமேஜ் என்பது அடுக்கடுக்காகக் கட்டப்படுவது. அடுக்குத் தட்டுச் சோற்றுக் கேரியர் மாதிரி. ஓர் அடுக்கில் கடவுச்சொல் கோப்பை வைத்து, அடுத்த அடுக்கில் அதை அழித்தால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கீழ் அடுக்கில் அது அப்படியே இருக்கும். இமேஜை இறக்குபவர் எவரும் அடுக்குகளைப் பிரித்து அதை எடுத்துவிடலாம். எனவே கடவுச்சொல்லை இமேஜுக்குள் வைக்கவே கூடாது. ஓடும் நேரத்தில் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வைத்து அனுப்பிவிட்டீர்களா? இமேஜை அழிப்பதோடு நிறுத்தாமல் கடவுச்சொல்லையும் உடனே மாற்றுங்கள்.

ஒரே குறிப்புப் பெயரில் புதிய இமேஜை அனுப்பினாலும் பழையது மறைந்துவிடாது. பெயரில்லாமல் கிடங்கிலேயே கிடந்து இடத்தை அடைக்கும். மாதம் ஒருமுறை கூட்டிப் பெருக்குவது நல்லது.

வெறும் பயிற்சிக்காகத் தொடங்கியிருந்தால், முடிந்ததும் அந்த ரிசோர்ஸ் குரூப்பையே அழிக்கச் சொல்லுங்கள். ஏஜெண்ட் “அழித்தாயிற்று” என்றாலும் அஸூர் பக்கத்தைத் திறந்து நீங்களே ஒருமுறை பாருங்கள். ஓர் இமேஜ்கூட இல்லாத ரெஜிஸ்ட்ரிக்கும் நாள்தோறும் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.