தின்னனூர் என்பது பிழையா?

ஆவடியில் ஷேர் ஆட்டோக்காரர்கள் "தின்னனூர், தின்னனூர்" என்று கூவுவார்கள். ஊர்ப்பலகையில் திருநின்றவூர் என்றிருக்கும். "சொந்த ஊர் பேரையே ஒழுங்கா சொல்ல வராதா உங்களுக்கு?" என்று வெளியூர் நண்பர் ஒருவர் சிரித்தார். கன்று கன்னு ஆவதும், நின்று நின்னு ஆவதும் எந்த விதிப்படியோ அதே விதிப்படிதான் 'நின்ற' இங்கே 'நின்ன' ஆனது. திருமகள் வந்து நின்ற ஊர் என்பது பக்தவத்சலப் பெருமாள் கோயிலின் தலபுராணம். நாக்கு அந்தப் பெயரைத் தேய்த்திருக்கிறதே தவிர தொலைத்துவிடவில்லை.

அவரைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் சிரித்தவன்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் மூன்றாம் வகுப்பு. அஞ்சாவது வரை படித்த என் ஆயா, அரக்கோணத்தில் இருந்த சித்திக்கு மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதுவாள். அதில் 'இல்லை' என்ற சொல்லில் வரும் 'லை'க்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி இருந்தது. "ஆயா, நீ தப்புத் தப்பா எழுதுற!" என்று வீடு முழுக்கக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் லெட்டரை என்னிடம் நீட்டி, "நீயே எழுதுடா கண்ணு, எனக்குத்தான் எழுத வரலியே" என்றாள்.

அவள் எழுதியது சரி என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ணா, றா, னா, ணை, லை முதலிய எழுத்துகளின் தனி வடிவங்களை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே எழுதலாம் என்று பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் தொடங்கினார். அவர் நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. பாடநூல்கள் மாறின. என் தலைமுறைக்கு எழுத்து எளிதானது. ஆனால் மாறிய எழுத்து பதின்மூன்றும் ஆயாவைக் கேட்டு மாறவில்லை.

இன்னும் பின்னால் போனால் ஓலைச்சுவடி. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று வைக்காமலே எழுதினார்கள். எகரம் ஏகாரம் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒரே கோடு. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். அதுவரை படிப்பவரே இடம் பார்த்து மனதுக்குள் புள்ளி வைத்துக்கொண்டார். மனதுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர்க்காரனுக்கு இது புரியாமல் போகக் கூடாது. உ.வே.சா. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்ததும் பிழைகள் மலிந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான். ஏடு எழுதியவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போயிருந்தால் நூல் கைக்கு வந்திருக்காது.

பிழையே கிடையாது என்று நான் வாதாடவில்லை. பட்டாவில் அப்பா பெயரில் ஓரெழுத்து மாறினால் எத்தனை நடை நடக்கவேண்டும் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். கேலியே கூடாது என்றும் சொல்லவில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றியது. வேலூருக்கு இரண்டு 'ஈ' போட்டு வீலூர் என்று வாசிக்கும்படி ஆக்கியிருந்தார்கள். ஊரே சிரித்தது. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசைப் பார்த்துச் சிரித்தால் ஆணை திருந்துகிறது. அஞ்சாவது படித்தவளைப் பார்த்துச் சிரித்தால் அவள் பேனாவை மூடி வைத்துவிடுகிறாள்.

சித்தி அந்த லெட்டர்களை இன்னமும் வைத்திருக்கிறாள். போன மாதம் எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லாம் என் கையெழுத்து. சௌக்கியமா, மழை உண்டா, மாடு கன்னு போட்டிருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் ஒரு தாய் தன் மகளிடம் மட்டும் சொல்லக்கூடிய சங்கதிகள் இருந்தன. எட்டு வயசுப் பையனிடம் அவற்றைச் சொல்லி எழுதச் சொல்ல முடியுமா?