கரண்ட் வைக்கிறதும் கீமோவும் ஒண்ணு சேர்ந்த கதை

1/ "கர்ப்பப்பையத்தான் எடுத்தாச்சே டாக்டர், இன்னும் எதுக்கு கரண்ட்டு, எதுக்கு கீமோ?"

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மா கேட்டது. ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை மாசம். அடுத்த சிகிச்சைக்குப் போகவே இல்லை. நான் புற்றுநோய் நிபுணர் கிடையாது, எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மருத்துவ உலகத்துக்கே ரொம்ப வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்த இழை.

2/ முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நாம "கர்ப்பப்பை கேன்சர்"னு ஒரே பேர்ல சொல்றது ரெண்டு நோய். ஒண்ணு கர்ப்பப்பை வாயில் வருவது, பெரும்பாலும் ஹெச்.பி.வி. வைரஸால். இன்னொண்ணு கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது. இது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வரும். உடல் பருமன், சர்க்கரை உள்ளவங்களுக்கு வாய்ப்பு அதிகம். அந்த அம்மாவுக்கு இருந்தது ரெண்டாவது.

3/ ரேடியத்தை கியூரி தம்பதி கண்டுபிடிச்சது 1898-ல். அஞ்சே வருஷத்துல, 1903-ல், நியூயார்க்கில் மார்கரெட் கிளீவ்ஸ் என்ற பெண் மருத்துவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு ரேடியத்தை உள்ளேயே வைத்து சிகிச்சை செய்தார். இன்னைக்கும் "உள்ள வைக்கிற கரண்ட்"னு நோயாளிகள் சொல்றது இதோட பேரப்பிள்ளைதான்.

4/ நம்ம பக்கம் வருவோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பல வருஷ முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மொத்தமே 12 படுக்கை. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே மருத்துவர். 1955-ல் டாக்டர் சாந்தா சேர்ந்தார். அவர் படிச்சது மகப்பேறு மருத்துவம். எழும்பூர் பெண்கள் மருத்துவமனையில் கிடைச்ச அரசு வேலையை விட்டுட்டு அங்கே போனார். பலரும் பைத்தியக்காரத்தனம்னுதான் நினைச்சாங்க. 1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட் கருவி வந்தது.

5/ இந்த இழைக்கு முக்கியமான விஷயம்: கதிரையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தா என்ன ஆகும்னு அவங்க அங்கேயே சோதிச்சாங்க. கன்னத்தின் உட்பக்கம் வரும் புற்றுக்கு இப்படிச் செய்த கூட்டு சிகிச்சை பற்றி 1971-ல் 'ரேடியாலஜி' இதழில் எழுதினாங்க. ஈசிஆர் ரோட்டுல நாம தாண்டிப் போற அடையாறுல நடந்த வேலை இது.

6/ இனி ஒரு வேடிக்கை. நம்ம ஊர்ல கதிர்வீச்சைத்தான் "கரண்ட்"னு சொல்றோம். அதுல ஷாக் எதுவும் கிடையாது, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான். நிஜமான கரண்டிலிருந்து பிறந்தது கீமோ மருந்து! அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க், பிளாட்டினம் கம்பி வழியா மின்சாரம் விட்டா பாக்டீரியா என்ன ஆகும்னு பார்த்துட்டிருந்தார். அதுங்க பிளந்து பெருகாம நூல் மாதிரி நீண்டுட்டே போச்சு. காரணம் மின்சாரம் இல்லை, கம்பியிலிருந்து கரைஞ்ச பிளாட்டினம். 1965-ல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புதான் 1978-ல் சிஸ்பிளாட்டின் மருந்தா அனுமதி வாங்கினது.

7/ கதிர் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கும். செல் அதை ஒட்டுப்போடப் பார்க்கும். சிஸ்பிளாட்டின் அந்த ஒட்டுப்போடும் வேலையைக் கெடுக்கும். வாய்ப்பகுதி நோய்க்கு இந்த ஜோடி உயிர் காக்குதுன்னு அஞ்சு ஆய்வுகள் காட்ட, 1999-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் மருத்துவர்களுக்குத் தனி அறிவிப்பே விட்டது.

8/ உள்சுவர் நோய்க்கு விஷயம் அவ்வளவு சுலபமா இல்லை. 2000-ல் வந்த நெதர்லாந்தின் போர்டெக்-1 ஆய்வு: ஆபரேஷனுக்குப் பிறகு கதிர் கொடுத்தா இடுப்புப் பகுதியில் நோய் திரும்புவது 14 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைஞ்சது. ஆனா ஆயுள் கூடலை. ஏன்? கதிர் படுற இடத்துலதான் வேலை செய்யும். நுரையீரலுக்குப் போன செல்லை அது தொடாது. அதுக்கு ரத்தத்தோடு ஓடுற மருந்து வேணும்.

9/ அப்போ ரெண்டையும் சேர்த்தா? அதுதான் போர்டெக்-3. ஆபத்து அதிகமான 660 பெண்கள். பாதிப்பேருக்குக் கதிர் மட்டும். மீதிப்பேருக்குக் கதிரோடு 2 முறை சிஸ்பிளாட்டின், பிறகு 4 முறை வேற ரெண்டு மருந்து. 2019-ல் வந்த முடிவு: 5 வருஷம் கழிச்சு உயிரோடு இருந்தவங்க 76.1 சதவீதம், கூட்டு சிகிச்சையில் 81.4. அதாவது 100 பேருக்கு 5 பேர் கூடுதல்.

10/ இதுக்கு விலையும் உண்டு. சிகிச்சை நேரத்தில் கடுமையான பக்கவிளைவு 12 சதவீதத்திலிருந்து 60 ஆச்சு. அதே 2019-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், கீமோ மட்டும் கொடுத்ததைவிட கதிரும் சேர்த்துக் கொடுத்தது நோய் திரும்பாத காலத்தை மொத்தத்தில் நீட்டலை. இடுப்புக்குள் திரும்புவதை மட்டும் குறைச்சது. அதனால எல்லாருக்கும் ரெண்டும் தேவையில்லை. ஆரம்ப நிலையில் பலருக்கு ஆபரேஷனே போதும். கட்டியில் பி53 மரபணு கெட்டிருந்தா கூட்டு சிகிச்சையின் பலன் ரொம்பப் பெரிசு: 5 வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க 36 சதவீதத்திலிருந்து 59.

11/ அந்த அம்மாவோட பயாப்ஸி ரிப்போர்ட்ல நோய் நிணநீர் முடிச்சு வரைக்கும் போயிருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "பெரிய மீன எடுத்துட்டாங்கம்மா. வலைக் கண்ணி வழியா நழுவுன பொடி மீன் இருக்கலாம். பக்கத்துல இருக்கிறதுக்குக் கரண்ட்டு, தூரம் போனதுக்கு மருந்து."

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அஞ்சு வாரம் தினமும் போகணுமாமே, மீன் விக்க யாரு போவா?" அதுதான் நிஜமான காரணம். பயமில்லை, பிழைப்பு. தங்க இடம், காப்பீட்டுத் திட்டம் பத்தி விசாரிச்சு, மகளைக் கூப்பிட்டுப் பேசி, மறுபடி கடிதம் எழுதிக் கொடுத்தேன். போனாங்க.

12/ ரெண்டு வேண்டுகோள்.
* மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "சூடு"ன்னு விட்டுடாம டாக்டரைப் பாருங்க.
* ஆபரேஷன் முடிஞ்சதும் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில வாங்கி, "எனக்கு அடுத்த சிகிச்சை தேவையா, எத்தனை நாளுக்குள்ள?"னு கேளுங்க. வீட்டு ஆளுங்களும் கூட வந்து கேளுங்க.