க்னூ கன்று போடும் காலம்

போன வருஷம் எனக்கு இடுப்பில் அக்கி வந்தது. பாட்டி இருந்திருந்தால் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் செம்மண்ணால் எழுதியிருப்பாள். டாக்டரோ, "சின்ன வயசுல அம்மை போட்டிருக்குமே, அந்த வைரஸ்தான் சார். இத்தனை வருஷமா உள்ளேயே இருந்திருக்கு" என்றார். ஹெர்பிஸ் குடும்பமாம். அதைப் பற்றிப் படிக்கப் போய், மாடுகளின் கதை ஒன்று கிடைத்தது.

கென்யாவிலும் தான்சானியாவிலும் மாடே சொத்தாக வாழ்பவர்கள் மசாய் மக்கள். அவர்களின் மேய்ச்சல் வெளிகளில் க்னூ என்ற காட்டு விலங்கு லட்சக்கணக்கில் திரியும். (நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் க்னூ, ஆங்கிலத்தில் வில்ட்பீஸ்ட்.) அது கன்று போடும் காலத்தில் அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகளுக்குக் கடுங்காய்ச்சல் வரும், மூக்கும் கண்ணும் ஒழுகும், கண் வெளுத்துப்போகும். வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. பிரெஞ்சில் ஜலதோஷத்தைக் குறிக்கும் 'கொரிஸா' என்ற சொல் இந்நோயின் பெயரிலும் இருக்கிறது. அதைக் கேட்டு ஏமாறக் கூடாது. மசாய்கள் ஏமாறவில்லை. அந்த மாதங்களில் நல்ல புல்லையும் விட்டுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர்கள் சொன்னது சரிதான் என்பது 1960-ல் உறுதியாயிற்று. கென்யாவின் முகுகா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த வால்டர் பிளௌரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர், க்னூவின் உடலிலிருந்தே அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுவும் ஹெர்பிஸ். க்னூவோடு நெடுங்காலம் பழகியது. அதற்கு ஒரு தீங்கும் செய்யாது. இளங்கன்றுகளின் மூக்கு நீரிலும் கண்ணீரிலும் வெளியேறும். பழக்கமில்லாத மாட்டுக்குள் புகுந்தால்தான் எமன். அந்த மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்கும் தொற்றாது. செம்மறியாட்டுக்கும் இதே கிளையில் தனியாக ஒரு வைரஸ் உண்டு. அதுவும் ஆட்டை விட்டுவிட்டு மாட்டைக் கொல்லும். விலங்குகள் இனம் இனமாகப் பிரிந்தபோது, கூடவே இந்த வைரஸ்களும் கிளை பிரிந்து வந்திருக்கின்றன.

இனிமேல்தான் விசேஷம். வெக்கை நோய்க்குப் பேர்பெற்ற தடுப்பூசி கண்டதும் இதே பிளௌரைட்தான். அதற்காக 1999-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2011-ல் அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதில், அவற்றிடமிருந்து வெக்கை தொற்றிச் செத்துக்கொண்டிருந்த க்னூக் கன்றுகளும் பிழைத்தன. செரங்கெட்டியில் 1960-களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சம் இருந்த க்னூ, 1970-களின் இறுதியில் 13 லட்சத்தைத் தாண்டியது. கன்றுகள் பெருகப் பெருக, மசாய்கள் விட்டு விலக வேண்டிய புல்வெளியும் பெருகிற்று.

ஆபீசில் எத்தனையோ கோப்புகளில் 'முடிந்தது' என்று எழுதிக் கட்டி வைத்தவன் நான். அதனால் வேறெங்கோ ஒரு கோப்பு திறக்குமே என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மசாய்கள் இன்றும் க்னூ கன்று போடும் காலத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு விலகிப் போகிறார்கள்.