அஞ்சடி யாருக்குச் சொந்தம்?

 

திருவிழா வந்தாலே தொண்டூழியர்களான எங்ககிட்ட ஒரே கேள்விதான். "பக்கத்துக் கடைவீட்டு அஞ்சடியில செருப்ப விட்டா என்ன? பால்குடத்த இறக்கி வச்சா என்ன? கடைக்காரரே ஒண்ணும் சொல்லலையே!" கடைக்காரர் சம்மதம் மட்டும் போதுமா? இதுக்குப் பின்னால 200 வருஷக் கதை இருக்கு. பொறுமையா படிங்க.

1822-ல் ராஃபிள்ஸ் இந்த ஊருக்குத் திட்டம் போட்டபோது, கடைவீடு கட்டுகிறவர்கள் முன்னால் கூரை போட்ட நடையை விட வேண்டும், அது வீட்டுக்கு வீடு தொடர்ச்சியாக, எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க அதுதான் வழி. பெரும்பாலும் நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கிற உரிமை ஊருக்கு. இந்தச் சிக்கல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. எங்க நிலம்தானே என்று கடைக்காரர்கள் அரிசி மூட்டையையும் கூடையையும் அங்கேயே அடுக்கினார்கள். நடக்கிறவர்கள் மாட்டுவண்டிக்கு நடுவே சாலையில் இறங்கினார்கள்.

நம்ம ஜாலான் புசார் பக்கம் ரோவல் ரோடு இருக்கே, தினமும் கடந்து போறோம். அது டாக்டர் ரோவல் என்பவர் பெயர். மருத்துவராக இருந்து நகராட்சித் தலைவரானவர். அவர் தலைமையில்தான் 1888 பிப்ரவரியில் நகராட்சி அஞ்சடிகளைக் காலி செய்யக் கிளம்பியது. கடைகளை அடைத்தார்கள், கல்வீச்சு நடந்தது, மூன்று நாள் ஊரே ஸ்தம்பித்தது. அஞ்சடிக் கலவரம் என்பது அதுதான். கடைசியில் சமரசம் வந்தது: சாமான் வைக்கலாம், ஆனால் ஆள் நடக்க இடம் விட்டாகணும். ரோவல் செய்த அவசரம் சரியென்று எங்களால் சொல்ல முடியாது. கேட்ட விஷயம் சரி, கேட்ட விதம்தான் தவறு.

"வழியை மறிக்கலைங்க, கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்கன்னு சொல்றோம், அது தப்பா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஊரில் பழைய பத்திரங்களில் 'மாமூல் வழிநடை பாத்தியம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. அடுத்தவர் நிலத்து வழியாக நம் நிலத்துக்குப் போகிற உரிமை அது. அஞ்சடி ஊர் முழுக்க நடக்கிற வழி, பாத்தியமோ ஒரு நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் இடையே உள்ளது. சட்டத்தில் இரண்டும் வேறு, ஆனால் வழியை நகர்த்தும் கேள்வி பாத்தியத்தில்தான் நன்றாக விளங்கும். 1882-ல் இந்தியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது, மதராஸ் மாகாணத்துக்கும் சேர்த்து. அதன் 23-ஆம் பிரிவு கறாராகச் சொல்கிறது: நடக்கிறவர் தன் இஷ்டத்துக்குத் தடத்தை மாற்ற முடியாது, அதனால் நிலக்காரருக்குக் கூடுதல் பாரம் இல்லாவிட்டாலும் கூட. நிலக்காரர் பக்கமும் அப்படித்தான். இங்கிலாந்து பொதுச் சட்டப்படி ஒரு தடம் நிலைத்துவிட்டால் அவரும் தனியாக அதை நகர்த்த முடியாது. அந்த இங்கிலாந்துச் சட்டம்தான் 1826 சாசனம் வழியாக சிங்கப்பூருக்கும் வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 1804 சட்டத் தொகுப்பின் 701-ஆம் பிரிவில், பழைய தடம் நிலக்காரருக்கு அதிக பாரமாகிப் போனால், அதே அளவு வசதியான வேறு இடத்தை அவர் காட்டலாம், மற்றவர் மறுக்க முடியாது என்று இருக்கிறது. அதாவது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் ஒரு விதி, பக்கத்தில் இங்கிலீஷ்காரன் ஆண்ட நாகப்பட்டினத்தில் இன்னொரு விதி! வயல் வரப்பு என்னமோ ஒரே மாதிரிதான். எங்களுக்கு காரைக்கால் விதி நியாயமாகப் படுகிறது, ஆனால் "அதே அளவு வசதி" என்கிற வார்த்தையை மறக்கக் கூடாது. கோல் ஊன்றி வரும் பாட்டியை அஞ்சடியிலிருந்து இறக்கி, கார் ஓடும் சாலை வழியாகப் போகச் சொன்னால் அது எந்த விதியிலும் அதே வசதி ஆகாது. நாங்க வேலை செய்யும் தொழிற்சாலையில் நடைபாதைக்கு மஞ்சள் கோடு போட்டிருக்கோம். அதற்குள் ஒரு பலகைத் தட்டு வைத்தாலும் உடனே எடுக்கச் சொல்வோம்.

அரசாங்கம் நகர்த்தினால் கதை வேறு. 1966 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி எடுத்தால் நிலம் எந்தப் பாத்தியமும் ஒட்டாமல் அரசுக்குப் போய்விடும். ஸ்ரீ சிவன் கோயிலே சாட்சி. ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த கோயில் 1983-ல் எம்ஆர்டி ரயிலுக்காக இடம் விட்டு, நம்ம சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தற்காலிகமாக வந்து தங்கியது. 1993-ல்தான் கேலாங் ஈஸ்ட்டில் கும்பாபிஷேகம். சிவனே பத்து வருஷம் காத்திருந்தார்!

வர்ற ஆடி வெள்ளியில் செருப்பு அடுக்கு எல்லாம் கோயில் வளாகத்துக்கு உள்ளேதான். அஞ்சடியில் விட்ட செருப்பை நாங்க உள்ளே கொண்டுபோய் வச்சிருப்போம். காணோம்னு பதறாதீங்க, எங்ககிட்ட வந்து கேளுங்க.